பட்டைச் சுருளும் நம் அகத்து அடுக்களையும்

(பாலக்காட்டில் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகளிர் பிரிவுக் காரியதரிசி என்னிடம், "அரை மணி பேசணும் மாமி, விஷயம் உங்க இஷ்டம்" என்றாள். "சினமன் ரோல் பண்றதைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுல முட்டை உண்டோ?" என்றாள். நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சினமன் ரோல் என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மைதாவைப் பாலும் வெண்ணெயும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து, பொங்க வைத்து, சப்பாத்தி போலப் பெரிதாக இட்டு, அதன் மேல் வெண்ணெய், சர்க்கரை, பட்டைப் பொடி தடவி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்கிச் சுட்டு எடுப்பது. பேக்கரி பன்னுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருக்கும் நம் குழந்தைகள் மாலில் வாங்கிச் சாப்பிடும் ரகத்தில் மாவிலேயே முட்டை இருக்கும். ஆனால் இதற்குப் பேர்போன தேசம் ஸ்வீடன். அங்கே வீடுகளில் பண்ணும் முறையில் பெரும்பாலும் மாவில் முட்டை சேர்ப்பதில்லை. சுடுவதற்கு முன் பளபளப்புக்காக மேலே தடவுவதோடு சரி. அந்த இடத்தில் நாம் பாலைத் தடவினால் விஷயம் முடிந்தது. ஆகவே முட்டையில்லாமல் பண்ணுவதில் ருசிக்குக் குறைச்சல் ஒன்றும் வராது. கேக்கில் முட்டையை எடுத்தால் அதற்குப் பதில் தயிரா, சோடாவா என்று அலைய வேண்டும். இதில் அந்தக் கஷ்டமே இல்லை.

அந்த ஸ்வீடன்காரர்கள் மாவில் சேர்க்கும் வாசனை என்ன தெரியுமோ? ஏலக்காய்! நம் இடுக்கியில் விளைகிற அதே ஏலக்காய். 1999-லிருந்து அவர்கள் அக்டோபர் 4-ஆம் தேதியைப் பட்டை பன்னின் தினமாகவே கொண்டாடுகிறார்கள். சில வருஷம் அது நம் நவராத்திரியில் வந்து விழும். கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம். நைவேத்யத்துக்குச் சுண்டல் இருக்கிறது, அது போதும் என்பது என் அபிப்ராயம்.

நான் கல்பாத்தியில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் வண்டன்மேட்டில் இருந்தேன். எங்காத்துக்காரர் அங்கே ஏலக்காய் வியாபாரத்தில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்து ஏலத்தைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். தட்டில் ஏலக்காய் வரும், வியாபாரிகள் கையில் எடுத்து நசுக்கி மோந்து பார்த்துவிட்டுத் தரையில் வீசுவார்கள். கூடம் முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். 2007-லிருந்து கம்ப்யூட்டரில் ஏலம் வந்துவிட்டது. இப்போது திரும்ப பாலக்காடு. பாலக்காடு, இடுக்கி இரண்டும் ஒட்டிய ஜில்லாக்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பொது எல்லை கிடையாது. மறையூர் போக வேண்டுமென்றால் நாங்கள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் மறுபடி மலை ஏறுவோம். ஆனால் அந்த வழியில்தான் இந்தப் பன்னுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் இருக்கும் என் நாட்டுப்பெண். வாரம் ஒரு நாள் போனில் முகம் பார்த்துக்கொண்டே அவள் அங்கே பிசைவாள், நான் இங்கே பிசைவேன். எனக்கு அப்போது வயசு 62. பேரன் பேத்தி வரும்போது வெளியில் வாங்கிக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறதோ என்று மனசுக்குள் அரித்துக்கொண்டிருப்பதைவிட, நாமே பண்ணிவிடலாமே என்றுதான் ஆரம்பித்தேன். பாக்கெட்டில் வருவதற்குப் பச்சை அடையாளம் உண்டு, முட்டை சேர்ந்தால் பழுப்பு அடையாளம் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் திறந்து வைத்திருக்கும் பன்னுக்கு எந்த அடையாளமும் இல்லை. கடைப்பையன் சொல்வதுதான் வேதவாக்கு!

ஈஸ்ட் சைவமா என்று அடுத்த கேள்வி வரும். ஈஸ்ட் ஒரு செல் உள்ள நுண்ணுயிர், காளான் வகுப்பைச் சேர்ந்தது. நம் இட்லி மாவில் புளிப்பையும் நுரையையும் உண்டாக்குவது முக்கியமாக பாக்டீரியா. ஆனால் அதிலும் காற்றிலிருந்தும் அரிசி உளுந்திலிருந்தும் வந்த ஈஸ்ட் கலந்துதான் இருக்கிறது. அதற்கு மேல் ஆசார விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று இருக்கும் பெரியவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். என் பாட்டி காலத்தில் அக்ரஹாரத்துக்குள் ரொட்டி வந்தால் யாருக்கோ ஜுரம் என்று அர்த்தம்.

இப்போது கொஞ்சம் பழைய கதை. கேரளத்தில் பேக்கரிக்கு மூலஸ்தானம் தலச்சேரி. மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் பண்ணக் கற்றுக்கொண்டு வந்து 1880-ல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி என்று ஆரம்பித்தார். 1883-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதே போல் பண்ண முடியுமா என்று கேட்டார். அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடித்து வாங்கி, பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழத்திலும் கதலிப்பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றி, பாப்பு பண்ணிக் கொடுத்தார். பிரவுனுக்குப் பிடித்துப் போய் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். நம் நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இதைச் சொல்வார்கள். சரக்கு விஷயத்தை விட்டுவிடுவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறு. அந்தப் பிரவுன் யார்? அஞ்சரக்கண்டித் தோட்டத்துக்காரர். 1790-களின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் போட்டது. அந்தக் குடும்பத்தின் மூத்த பிரவுன்தான் அதைப் பார்த்துக்கொண்டு, பின்னால் தன் வசமாக்கிக்கொண்டவர். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய பட்டைத் தோட்டம் என்று அதற்குப் பெயர். ஆக, கேரளத்தின் கேக்கும் கேரளத்தின் பட்டையும் ஒரே தோட்டக்காரர் வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டிருக்கின்றன.

நம் அகங்களில் பட்டை அதிகம் புழங்காது. "யாராத்துல பிரியாணி?" என்று கேட்கும் வாசனை அது. மொளகூட்டலிலும் ஓலனிலும் அதற்கு வேலை இல்லை. அதனால்தானோ என்னவோ, பட்டையை நல்லது கெட்டது பார்த்து வாங்க நமக்குத் தெரிவதில்லை. இன்றைய பேச்சில் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

கடையில் பட்டை என்று கேட்டால் தருவது பெரும்பாலும் காஸியா. சீனா, வியட்நாம், இந்தோனேஷியாவிலிருந்து வருவது. தடியாக, கட்டையாக, கறுஞ்சிவப்பாக இருக்கும். கையால் ஒடிப்பது கஷ்டம், மிக்ஸியில் போட்டால் கடகடவென்று சத்தம் போடும். நிஜமான இலவங்கப்பட்டை இலங்கையிலும் நம் மலபார்ப் பக்கத்திலும் விளைவது. காகிதம் போல மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, சுருட்டு மாதிரி இருக்கும். வெளிர் பழுப்பு நிறம். விரலால் அழுத்தினால் நொறுங்கும். வாசனையில் காரம் குறைவு, இனிப்பு அதிகம். விலையும் அதிகம்தான். பொடியாகிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். அதனால் பொடியாக வாங்காதீர்கள், குச்சியாக வாங்கி வீட்டில் பொடியுங்கள்.

இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்றால், காஸியாவில் கூமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அளவுக்கு மேல் நாள்தோறும் உள்ளே போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். நிஜப் பட்டையில் அது மிக மிகக் கொஞ்சம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2004-ல் ஒரு அளவு வைத்தது: உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ உள்ள மாமிக்கு 6 மில்லிகிராம். ஒரு கிராம் காஸியாவில் சுமார் 3 மில்லிகிராம் கூமரின் என்று ஜெர்மனிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டைக்குப் பட்டை கூடும், குறையும். அப்படியானால் 2 கிராமிலேயே நம் பங்கு முடிந்தது. 2 கிராம் என்பது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை.

12 பன்னுக்கு 15 கிராம் பட்டை போடுவோம். காஸியா போட்டால் பன் ஒன்றில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் கூமரின். பெரியவர்களுக்கு ஒன்று சரி, இரண்டு அளவைத் தாண்டிவிடும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் அளவு ஒன்றரை மில்லிகிராம்தான். பயமுறுத்த வரவில்லை. அந்த அளவு ஆயுள் முழுக்கத் தினம் சாப்பிடுவதற்குச் சொன்னது. என்றைக்கோ ஒரு நாள் தாண்டினால் ஒன்றும் ஆகாது. ஐரோப்பியச் சட்டம் அன்றாட பேக்கரிப் பண்டத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாரம்பரிய, பண்டிகைப் பண்டத்துக்கு 50 என்று இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. டென்மார்க்கில் 2013 கடைசியில் இதற்காகப் பெரிய ரகளையே நடந்தது. அவர்களுடைய பட்டைச் சுருள் எந்த வகுப்பு என்று பேக்கரிக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சண்டை. 2014-ல் பாரம்பரியப் பண்டம் என்று ஒப்புக்கொண்டு 50-க்கு விட்டார்கள்.

பன் என்றைக்கோ ஒரு நாள் சமாசாரம். எனக்குக் கவலை வேறு இடத்தில். இந்தக் கூடத்திலேயே எத்தனை பேர் காலையில் வெறும் வயிற்றில் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். 2012-ல் காக்ரேன் அமைப்பு இது பற்றி நடந்த பரிசோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சர்க்கரை வியாதிக்குப் பட்டையைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. பலன் நிச்சயமில்லை, ஆனால் கடைப் பட்டையில் ஒரு ஸ்பூன் தினமும் என்றால் கூமரின் கணக்கு நிச்சயம். ஏற்கெனவே நாலு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரலில் கோளாறு உள்ளவர்கள், அந்தப் பொடி டப்பாவை அடுத்த தடவை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் தெருவில் எண்பது வயசு மாமா ஒருவர் நான் சொன்னதற்கு அப்புறம்தான் டாக்டரிடம் காட்டினார். அதுவரை அவர் பட்டைப் பொடி சாப்பிடுகிற விஷயமே டாக்டருக்குத் தெரியாது. மருந்து என்று நினைத்தால்தானே சொல்லத் தோன்றும்?

சரி, மாவுக்கு வருவோம்.

மைதா அரை கிலோ. அதில் 25 கிராம் எடுத்து, 125 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன அடுப்பில் கிளறிக் கூழ் காய்ச்சிக்கொள்ளுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை. சீனா, ஜப்பான் பக்கத்து பேக்கரிகளில் இந்தக் கூழ் முறை உண்டு. மாவு வெந்து தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் முட்டையில்லாமலே பன் மறுநாளும் மெத்தென்று இருக்கும். கூழ் ஆறட்டும். மீதி மைதாவில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 75 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், அப்போது இடித்த ஏலக்காய் ஒரு டீஸ்பூன் கலந்து, கூழையும் 175 மில்லி பாலையும் விட்டுப் பிசைய வேண்டும். ஏலக்காயைக் கரகரப்பாக இடியுங்கள். மைய அரைத்தால் ஸ்வீடன் மணம் வராது, பாயச மணம்தான் வரும்.

பாலின் சூடு முக்கியம். தெர்மாமீட்டர் வேண்டாம். தயிருக்கு உறை குத்துகிற பதம் இருக்கிறதே, விரல் வைத்தால் சூடு தெரிந்தும் தெரியாமலும், அதே பதம். கொதிக்கிற பாலை விட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். அப்புறம் எத்தனை நேரம் காத்திருந்தாலும் மாவு அசையாது.

மாவு ஒன்று சேர்ந்ததும் மெத்தென்ற வெண்ணெய் 75 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். முதல் ஐந்து நிமிஷம் கையெல்லாம் ஒட்டும், பாத்திரமெல்லாம் ஒட்டும். புதிதாகப் பண்ணுகிறவர்கள் இங்கேதான் பயந்துபோய் மைதாவை அள்ளிக் கொட்டுவார்கள். கொட்டக் கூடாது. பன் கல்லாகிப் போவதற்கு அதுதான் காரணம். பத்து பன்னிரண்டு நிமிஷம் பொறுமையாக இழுத்து மடித்துப் பிசைந்தால் தானே வழவழப்பாகி, பரோட்டா மாவு மாதிரி நீண்டு கொடுக்கும். சின்ன உருண்டையை இரண்டு கையாலும் விரித்தால் கிழியாமல் மெல்லிய ஜவ்வு போல வர வேண்டும். முழங்கை வலி உள்ளவர்கள் வேறு வழி பண்ணலாம்: கலந்து மூடி அரை மணி விட்டுவிடுங்கள், மாவு பாதி வேலையைத் தானே செய்துகொள்ளும், அப்புறம் வெண்ணெய் சேர்த்து நாலு நிமிஷம் பிசைந்தால் போதும்.

பொங்க விடுவதில்தான் ஊருக்கு ஊர் பேதம். புஸ்தகத்தில் ஒரு மணி என்று போட்டிருக்கும். அது யார் ஊர் மணி? இங்கே மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி காய்கிறது. முக்கால் மணியில் மாவு இரண்டு மடங்காகிவிடும், விட்டால் புளிக்கும். வண்டன்மேடு ஆயிரம் மீட்டருக்கு மேலே. மழைக்காலத்தில் இரண்டு மணிக்கு மேல் ஆகும். மூணாறில் தை மாசக் குளிரில் மூன்று மணியும் ஆகலாம். தோசை மாவை ஊருக்குத் தகுந்தபடி நாம் பார்த்துக்கொள்வதில்லையா? அது போலத்தான். கடிகாரத்தை விடுங்கள், மாவைப் பாருங்கள். மாவில் விரலை நுழைத்து எடுத்தால் குழி மெதுவாக, பாதியளவு மேலே வர வேண்டும். உடனே குதித்து வந்தால் இன்னும் நேரம் வேண்டும். குழி அப்படியே கிடந்தால் நேரம் தாண்டிவிட்டது. டில்லியிலும் பம்பாயிலும் இதைப் படிக்கிறவர்களுக்கும் இதே விதிதான். ராத்திரி பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பண்ணலாம். பாலக்காட்டு வெயிலுக்கு நான் பெரும்பாலும் அப்படித்தான். மணமும் கூடுதலாக வருகிறது.

உள்ளே தடவுவதற்கு அமெரிக்காவில் பிரவுன் ஷுகர் போடுவார்கள். அது சர்க்கரையில் கரும்புப்பாகு கலந்தது. நமக்கு எதற்கு அது? மறையூர்ச் சர்க்கரை இருக்கிறது. மறையூர், காந்தளூர்ப் பக்கம் கரும்பைக் காய்ச்சிக் கையால் உருட்டின வெல்லம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்புக் கரிப்பு இல்லாத, கறுத்த, ஆழ்ந்த ருசி. வேறு இடத்து வெல்லத்தை மறையூர் என்று சொல்லி விற்பவர்களும் வழியெல்லாம் உண்டு, ஜாக்கிரதை. சீவி, சல்லடையில் சலித்து 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிராம் வெண்ணெய், பட்டைப் பொடி இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்துக் குழையுங்கள். வெல்லம் சூட்டில் இளகி ஒழுகும், அதனால் ஒரு ஸ்பூன் மைதாவும் அதிலேயே கலந்துவிடுங்கள்.

மாவை 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு இட்டு, இதைத் தடவி, நீளப் பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். வெயில் காலமானால் சுருட்டினதை இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணெய் வழிந்து மேடையெல்லாம் ஆகும். நறுக்குவதற்குக் கத்தி வேண்டாம், அமுங்கிப்போகும். பூக்கட்டுகிற நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக மாற்றி இழுத்தால் அழகாக அறுந்து வரும். 12 துண்டு. வெண்ணெய் தடவின தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மறுபடி அரை மணி பொங்க விட்டு, பால் தடவி, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். ஸ்வீடனில் மேலே கட்டிச் சர்க்கரை தூவுவார்கள். டைமண்ட் கல்கண்டை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவுங்கள், அதுவேதான்! அமெரிக்கர்கள் போல வெள்ளையாக ஏதாவது மேலே வழிய வேண்டுமென்று பேரன் அடம்பிடித்தால், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் பொடிச் சர்க்கரையும் துளி உப்பும் போட்டு அடித்துக்கொள்ளலாம்.

பேக்கரிப் போர்மா எல்லாம் வேண்டாம். பெண்ணோ பிள்ளையோ ஊரிலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்த ஓடிஜி உங்களில் பாதிப் பேர் அகத்தில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல், துணி போர்த்தி, அதன் மேல் கொலு பொம்மைப் பெட்டி. அதை இறக்குங்கள். சின்ன ஓடிஜியில் பின்பக்கம் சீக்கிரம் கருகும். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பிவிடுங்கள். ஓடிஜி இல்லாதவர்கள் அடி கனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடிச் சின்னத் தீயில் பண்ணலாம். வெந்துவிடும், மேலே நிறம் மட்டும் அவ்வளவாக வராது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பன்னில் 15 கிராம் இனிப்பு, 40 கிராமுக்கு மேல் மைதா, 12 கிராம் வெண்ணெய். எங்காத்துக்காரருக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு அரைப் பன், அதுவும் சாயங்காலக் காபிக்குச் சர்க்கரை இல்லை என்ற ஒப்பந்தத்தில். அவர் பெரிய பாதி எது என்று பார்த்துத்தான் எடுக்கிறார்.

இன்னொரு விஷயம். பட்டை நமக்குப் புதுசு என்று சொன்னேன், இலை புதுசு இல்லை. வண்டன்மேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சி கும்பிளப்பம் பண்ணுவார். வயண இலையைக் கூம்பாக மடித்து, ஈர்க்குச்சி குத்தி, அரிசிமாவு, வெல்லம், சக்கப்பழம் கலந்து உள்ளே வைத்து ஆவியில் வேகவைப்பது. ஆற்றுகால் பொங்கலுக்குத் திருவனந்தபுரத்தில் பண்ணும் தெரளியும் இந்த இலையில்தான். அந்த இலையின் மணம் சாக்ஷாத் பட்டை மணம். வயண மரமும் பட்டை மரமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இந்த ஜாதி இலையை ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே முசிறிப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். வெல்லமும் மாவும் பட்டை மணமும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்பது இடுக்கி மலையில் ஸ்வீடன்காரர் வந்து சொல்லித் தெரிய வேண்டிய சமாசாரம் இல்லை. அதை நினைத்துத்தான், போன சீசனில் வெல்லத்துக்குப் பதிலாகச் சக்கவரட்டி 200 கிராமை மெல்லிசாகத் தடவி, பட்டையைப் பாதியாகக் குறைத்துப் பண்ணிப் பார்த்தேன். கோத்தன்பர்க்குக்கு டப்பாவில் சக்கவரட்டி போயிருக்கிறது. அங்கே அந்த ரகத்துக்குத்தான் இப்போது கிராக்கி.

பண்ணி விற்கலாமா என்று இரண்டு பேர் முன்னாலேயே கேட்டார்கள். விற்கலாம். கைச்செலவுக்கு ஆகும், தனியாக இருக்கிறவர்களுக்குப் பொழுதும் போகும். ஆனால் வீட்டில் பண்ணி விற்றாலும் 2006-ஆம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும், அக்ஷய சென்டரில் கேட்டால் சொல்வார்கள். முட்டையில்லாதது என்று எழுதி விற்றால் அந்தத் தட்டும் கரண்டியும் முட்டை தொடாததாக இருக்க வேண்டும். நம்மை நம்பி வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

காலையில் நாலரை மணிக்கு எழுந்து இரண்டு தட்டு சுட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கம் இருப்பது மறையூர் வெல்லம், ஜன்னல் பக்கம் இருப்பது சக்கவரட்டி. இரண்டிலும் நிஜப் பட்டைதான். மொத்தம் 24, வந்திருப்பவர்கள் அறுபது பேருக்கு மேல், அதனால் காரியதரிசி கத்தியோடு நிற்கிறாள். குழந்தைகளுக்கு முதலில் கொடுங்கள். காபி பின்கட்டில் ரெடி.